அகதி, உரிமை, நகரம்: ஆராய்ச்சியைக் கரியராக்க நினைப்பவர்களுக்கு

"அகதிகள் பத்தி ரிசர்ச் பண்ணணும் சார்" என்று வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். எந்த அகதிகள்? எந்த ஊரில்? எந்தச் சட்டத்தின் கீழ்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். மனதில் இரக்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, பார்த்த டாக்குமென்டரிகளின் பாதிப்பு இருக்கிறது. பிஎச்.டி. அட்மிஷன் கமிட்டிக்கு இது போதாது. இன்டர்வியூ அறைக்கு வெளியே காத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதே இரக்கம் இருக்கிறது. உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் போட்டி.

துறை பெரியது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். கணக்குப்படி, போரும் வன்முறையும் ஒடுக்குமுறையும் வீட்டை விட்டுத் துரத்தியவர்களின் எண்ணிக்கை 2024 இறுதியில் உலகம் முழுக்க 12.32 கோடி. அவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நாட்டு எல்லையைத் தாண்டாதவர்கள். எல்லை தாண்டிய அகதிகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் முகாம்களில் இல்லை, நகரங்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அகதி ஆய்வும் மனித உரிமை ஆய்வும் நகர ஏற்றத்தாழ்வு ஆய்வும் ஒன்றையொன்று தேடி வந்தது இதனால்தான். வீட்டு அட்வான்ஸ், ரேஷன், பள்ளிச் சேர்க்கை, போலீஸ் விசாரணை என்று அகதியின் அன்றாடம் நகரத்து ஏழையின் அன்றாடத்தோடு கலந்துவிட்டது.

தமிழ் பேசும் மாணவருக்கு இங்கே பிறருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. சென்னையின் தென்கோடியில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரம் தன் ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பகுதிகள் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர் விசாவும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்துகொண்டு வரவேண்டிய இடத்துக்கு நீங்கள் டவுன் பஸ்ஸில் போய் இறங்கலாம். இந்த வாய்ப்பை வேலையாக மாற்றும் வழிகளைப் பார்ப்போம்.

1. முதலில் ஒரு தாய்த்துறை

இந்தியாவில் 'அகதி ஆய்வுத் துறை' என்று போர்டு மாட்டிய டிபார்ட்மென்ட்டைத் தேடி அலையாதீர்கள். வேலை விளம்பரங்கள் அரசியல் அறிவியல், சமூகவியல், சமூகப்பணி, சட்டம், புவியியல், பொருளாதாரம் என்ற பெயர்களில்தான் வருகின்றன. யு.ஜி.சி. நெட் தேர்வில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்று தனிப் பாடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் அசிஸ்டென்ட் புரொஃபசர் பணியிடங்கள் அபூர்வம். ஆகவே நெட்டை உங்கள் தாய்த்துறையில் எழுதுங்கள். அகதி, நகரம், உரிமை ஆகியவை ஸ்பெஷலைசேஷனாக இருக்கட்டும். நாளைக்கு உங்களை எடுக்கப்போகும் டிபார்ட்மென்ட் ஹெட் மனதில் ஓடும் கேள்வி: "இவர் முதலாமாண்டு வகுப்புக்கு எந்தப் பேப்பர் எடுப்பார்?" அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு சீனியர் ஃபெலோவாக 42,000. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொகை இது. வயது வரம்பைக் கவனித்து, எம்.ஏ. படிக்கும்போதே முதல் முயற்சியைத் தொடங்குங்கள்.

2. டெஃபனிஷனில் தடுமாறாதீர்கள்

1951 அகதி உடன்படிக்கையின்படி அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பினர் என்ற நிலை, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒரு காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சம் அவருக்கு இருக்க வேண்டும். எல்லை தாண்டாமல் ஊர் விட்டு ஓடியவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். எந்த நாடும் குடிமகனாக ஏற்காதவர் நாடற்றவர். அவருக்கு 1954, 1961 உடன்படிக்கைகள் தனியாக உண்டு. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர் இந்த மூன்றிலும் வரமாட்டார். அவர் குடிமகன், வாக்காளர், அரசால் வெளியேற்றப்பட்டவர்.

"சொந்த ஊரிலேயே அகதி" என்று மேடையில் பேசலாம். தீஸிஸ் புரொபோசலில் எழுதினால், கமிட்டியில் இருக்கும் சட்டப் பேராசிரியர் முதல் நிமிடத்திலேயே பேனாவை மூடிவிடுவார். யாருக்கு எந்த உரிமை எந்த வரியிலிருந்து கிடைக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே சீரியஸான ஆள்.

3. மூன்றையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவாருங்கள்

'அகதிகளின் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு' என்ற தலைப்போடு போகாதீர்கள். ஒப்பீடு செய்யுங்கள். லீசா மால்கியின் 'ப்யூரிட்டி அண்ட் எக்ஸைல்' (1995) என்ற நூல் இதற்கு நல்ல பாடம். 1972 படுகொலைகளுக்குப் பின் புருண்டியிலிருந்து தான்சானியாவுக்கு ஓடிவந்த ஹுட்டு மக்களை அவர் இரண்டு இடங்களில் பார்த்தார். ஒன்று மிஷாமோ என்ற முகாம், இன்னொன்று கிகோமா என்ற நகரம். முகாமில் இருந்தவர்கள் தங்களை நாடு இழந்த ஓர் இனமாகவே நினைத்து, அந்த வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் இருந்தவர்கள் ஊரோடு கலந்து, தேவைக்கேற்ப அடையாளங்களை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரே மக்கள், ஒரே பேரழிவு, வேறு வேறு இடம். இடம் மனிதரை எப்படி மாற்றுகிறது என்ற கேள்வி அதிலிருந்து தானாக எழுந்தது.

இந்த டிசைன் உங்கள் ஊரிலும் செல்லும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 58,000 இலங்கைத் தமிழர்கள் முகாம்களிலும், 34,000 பேர் முகாம்களுக்கு வெளியிலும் இருப்பதாக அரசின் கணக்குகள் சொல்லிவந்திருக்கின்றன. முகாமுக்குள் அனுமதி வாங்குவதிலேயே பலர் குறியாக இருப்பதால், வெளியே வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுத ஆள் குறைவு. சென்னைப் புறநகரில் ஓர் அகதிக் குடும்பத்துக்கு எந்த ஆவணத்தை நம்பி வீடு கொடுக்கிறார்கள்? அதே தெருவில் பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கு எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? அகதி நிலை, உரிமை, நகரச் சந்தை மூன்றும் இந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

4. சமூகவியல்காரராக இருந்தாலும் சட்டம் படியுங்கள்

இந்தியா 1951 உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. திபெத்தியர், இலங்கைத் தமிழர் விவகாரத்தை அரசே நேரடியாகக் கையாளுகிறது. மியான்மர், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களை டெல்லியில் உள்ள யு.என்.எச்.சி.ஆர். அலுவலகம் பதிவு செய்கிறது. எல்லோர் தலைக்கு மேலும் நீண்ட காலம் இருந்தது 1946 வெளிநாட்டவர் சட்டம். அதன் இடத்தில் 2025ல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தது. அதையொட்டி வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குத் தந்தது. தண்டனை இல்லை, ஆனால் குடியுரிமையும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. இந்த இடைவெளியில் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறது. ஐந்து பிஎச்.டி.க்குத் தாங்கும் கேள்விகள் இதில் இருக்கின்றன.

தீர்ப்புகளை முழுசாகப் படியுங்கள். 1985 ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரமும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு, உரிய நடைமுறையைப் பின்பற்றி நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர் கைடு புக் படித்தவர் என்பது கமிட்டிக்கு உடனே தெரிந்துவிடும். 1996ல் சக்மா அகதிகளின் உயிரைக் காக்க அருணாசலப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்ட தீர்ப்பையும், 2021ல் ரோஹிங்கியா மக்களை நாடு கடத்தத் தடை விதிக்க மறுத்த இடைக்கால உத்தரவையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நாடு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது புரியும்.

5. மொழிதான் உங்கள் அட்வான்டேஜ், அதை மழுங்கடிக்காதீர்கள்

முகாம்களில் யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், வவுனியாக்காரர், மலையகத்தார் என்று பலரும் உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் எழுதும்போது அவர்கள் பேச்சைச் சென்னைத் தமிழாகத் திருத்தி எழுதுவது பெரிய தவறு. எந்த ஊர்ப் பேச்சு, எந்தத் தலைமுறையில் அது மாறியது, பள்ளியில் பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் டேட்டா. மலையகத் தமிழர் வரலாறு தெரியாமல் முகாமுக்குள் போகவே போகாதீர்கள். 1948ல் இலங்கை அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. இது தெரியாவிட்டால், "நாங்க இந்திய வம்சாவளிதானே, எங்களுக்கு ஏன் குடியுரிமை இல்லை?" என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போது விழிப்பீர்கள்.

இங்கிலீஷும் வேண்டும். அலங்கார இங்கிலீஷ் தேவையில்லை. ஒரு பக்கத்தில் ஒரு வாதத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். தினமும் முந்நூறு வார்த்தை எழுதுங்கள், தவறாமல்.

6. ஃபீல்டில் உங்கள் பெயர்தான் முதலீடு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கரியர் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

முகாமுக்குள் போக அரசின் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். நிறுவனத்தின் கடிதம், கேள்வித்தாள், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எல்லாம் கையில் இருக்கட்டும். பதில் வரத் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டே காலண்டர் போடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் வெளியில் வாழ்பவர்களைச் சந்திக்கலாம், கோப்புகளைப் படிக்கலாம்.

யாரோடு முதலில் உள்ளே நுழைகிறீர்கள் என்பது நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். வருவாய்த் துறை அதிகாரியோடு போனால் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். தொண்டு நிறுவனத்தோடு போனால் தேவைப் பட்டியல் வாசிப்பார்கள். ஆகவே ஒரே கதவை நம்பாதீர்கள். கோயில், சர்ச், டியூஷன் சென்டர், பெட்டிக்கடை என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. நேரத்தையும் யோசியுங்கள். முகாம் ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். பகலில் போனால் அவர்களைப் பார்க்க முடியாது. பெரும்பாக்கத்துப் பெண்கள் பலர் பழைய வேலையை விடாமல் விடியலிலேயே நகரத்துக்குள் வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் வசதிக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சந்திப்பவர்களை மட்டும் வைத்து எழுதினால் அது சாம்பிள் ஆகாது.

அடுத்து, கேள்வி கேட்கும் விதம். போர்க்கால மரணங்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் ஆய்வு வாடகையைப் பற்றியது என்றால் வாடகையைக் கேளுங்கள். அழவைத்து எடுக்கும் இன்டர்வியூவால் ஆய்வுக்கும் பலன் இல்லை, அந்த மனிதருக்கும் இல்லை. 2010ல் ஐலீன் பிட்டவேயும் அவருடைய இரண்டு சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, எங்கள் கதைகளைத் திருடுவதை நிறுத்துங்கள் என்ற அகதிகளின் குரல்தான். வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்ற புகார் உலகம் முழுக்கப் பல முகாம்களில் இருக்கிறது. உங்களுக்கு முன் போனவரின் கணக்கையும் சேர்த்துத்தான் மக்கள் உங்களை எடைபோடுவார்கள்.

சில விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுங்கள். ஒப்புதலுக்குக் கையெழுத்து வாங்குவதே சிலருக்கு ஆபத்து என்பதால், வாய்மொழி ஒப்புதலுக்கு எத்திக்ஸ் கமிட்டியிடம் முன்பே அனுமதி பெறுங்கள். பெயர், முகாம் எண், செல்போன் எண் மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கக் கூடாது. ரெக்கார்டிங்கை அன்றே என்கிரிப்ட் செய்து, போனிலிருந்து அழியுங்கள். படகில் வெளிநாடு போக முயன்ற கதை ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் எழுதவே எழுதாதீர்கள். உங்கள் நோட்டை அதிகாரிகள் கேட்டால் கொடுக்க மறுப்பதற்கு ஆராய்ச்சியாளருக்கென்று தனிச் சட்டப் பாதுகாப்பு இங்கே கிடையாது. குழந்தைகள் படத்தை சோஷியல் மீடியாவில் போடாதீர்கள். "குடியுரிமை வருமா தம்பி?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். நம்பிக்கை ஊட்டுவதாக நினைத்து ஆமாம் சொல்லிவிட்டு வராதீர்கள். கட்டாய இடப்பெயர்வு ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் 2018ல் ஒரு நெறிமுறைக் கோவை வெளியிட்டிருக்கிறது. அதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் கண்டதைத் தமிழில் பத்துப் பக்கமாக எழுதி, அவர்கள் கையில் கொடுங்கள். தப்பு என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள். இதில் உங்கள் சுயநலமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. போஸ்ட்டாக், புத்தகம், அடுத்த கிராண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அதே வாசலுக்குத்தான் மறுபடி போயாக வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவருக்கு மட்டும்தான் அந்த வாசல் இரண்டாம் முறை திறக்கும்.

7. கதை கேட்கத் தெரிந்தால் போதாது, கோப்பும் படிக்க வேண்டும்

கேரன் ஜேக்கப்சனும் லோரன் லாண்டாவும் 2003ல் இந்தத் துறையை நேருக்கு நேர் விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அகதி ஆய்வு கொள்கைக்கும் உதவ வேண்டும், ஆய்வு முறையிலும் கறாராக இருக்க வேண்டும் என்ற இரட்டைக் கடமையில் இரண்டாவதைப் பலர் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். சாம்பிளை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால் திணறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

மேத்யூ டெஸ்மண்டைப் பாருங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் டிரெய்லர் பார்க்கிலும் வாடகை வீட்டிலும் தங்கி, வீடு காலி செய்யப்படுபவர்களோடு வாழ்ந்தார். அத்தோடு நிற்கவில்லை. வாடகைதாரர்களிடம் சர்வே நடத்தினார், கோர்ட் ஆவணங்களை அலசினார். அவருடைய 'எவிக்டட்' நூல் 2016ல் வந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் வாங்கியது. பிரின்ஸ்டனில் அவர் தொடங்கிய எவிக்‌ஷன் லேப் அமெரிக்கா முழுக்க வெளியேற்றக் கணக்கைத் திரட்டுகிறது. கூட இருந்து பார்த்தவர் என்ற பெயரும் கணக்கு தெரிந்தவர் என்ற பெயரும் சேர்ந்தபோதுதான் எல்லாக் கதவும் திறந்தது.

உங்களுக்கான கோப்புகள் எங்கே? சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையோடு வைக்கப்படும் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள், அரசாணைகள், கோர்ட்டில் அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்கள், ஆர்.டி.ஐ. பதில்கள். 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அரை நூற்றாண்டு ஆவணங்கள் அதற்குள் இருக்கின்றன. மேப்பிங்குக்குக் க்யூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர். இரண்டும் இலவசம். இரண்டில் ஒன்றையாவது பிஎச்.டி. சேரும் முன் கற்றுக்கொள்ளுங்கள்.

8. பப்ளிகேஷன்: எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது

'ஜர்னல் ஆஃப் ரெஃப்யூஜி ஸ்டடீஸ்', 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ரெஃப்யூஜி லா', நகரம் பற்றியதற்கு 'என்வைரன்மென்ட் அண்ட் அர்பனைசேஷன்', இந்தியாவில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி', கல்கத்தா ரிசர்ச் குரூப்பின் 'ரெஃப்யூஜி வாட்ச்'. முதலில் இந்த ஐந்தில் கடைசி மூன்று வருடக் கட்டுரைகளைப் படியுங்கள். ஆரம்பகட்ட எழுத்தாளருக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வரும் 'ஃபோர்ஸ்டு மைக்ரேஷன் ரிவ்யூ' நல்ல வாசல். சிறிய கட்டுரைகள், எளிய நடை, இலவசமாகப் படிக்கலாம், களப் பணியாளர்களும் படிக்கிறார்கள்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்கள் பக்கமே போகாதீர்கள். இன்று எண்ணிக்கைக்கு உதவுவது போலத் தெரியும். பத்து வருடம் கழித்தும் அது உங்கள் சி.வி.யில் கறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். யு.ஜி.சி. தன் கேர் பட்டியலைக் கைவிட்டுவிட்டதால், தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது உங்கள் தலையில்.

9. கைடு, இடம், உதவித்தொகை

பிரபலமான கைடை விட, மாணவர்களை முடிக்க வைக்கும் கைடு மேல். அவரிடம் படித்த மூன்று பேரிடம் போனில் பேசுங்கள். சேப்டரைப் படித்துத் திருத்தித் தருவாரா? மாணவர் எழுதியதில் தன் பெயரை முதலில் போடுவாரா? இந்த இரண்டையும் கேளுங்கள்.

சென்னையில் எம்.ஐ.டி.எஸ்., மும்பையில் டிஸ், டெல்லியில் ஜே.என்.யு., பெங்களூருவில் நகர ஆய்வுக்கு ஐ.ஐ.எச்.எஸ். ஆகியவற்றைப் பாருங்கள். கல்கத்தா ரிசர்ச் குரூப் கட்டாய இடப்பெயர்வு பற்றி நடத்திவரும் குறுகியகாலப் பயிற்சியால் தெற்காசியாவெங்கும் நெட்ஒர்க் கிடைக்கும். வெளிநாட்டில் ஆக்ஸ்ஃபோர்டின் அகதி ஆய்வு மையம், டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகம், கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம். கடைசி இரண்டையும் நம் மாணவர்கள் யோசிப்பதே இல்லை. அகதிகள் நிறைந்த நகரங்களிலிருந்தே சிந்திக்கும் இடங்கள் அவை. பண உதவிக்கு காமன்வெல்த், செவனிங், ஃபுல்பிரைட் நேரு, ஈராஸ்மஸ் முண்டஸ், பின்தங்கிய சூழலிலிருந்து வரும் இந்திய மாணவர்களுக்கு ஃபீலிக்ஸ். விண்ணப்பக் கட்டுரையில் உலகத்தின் துயரத்தை எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். உங்கள் கேள்வி, உங்களால் மட்டும் அதைச் செய்ய முடியும் என்பதற்கான காரணம், திட்டம். இந்த மூன்றும் போதும்.

10. இன்டர்வியூவில்

உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். பசித்த குழந்தையின் படத்தோடு ஸ்லைடைத் தொடங்காதீர்கள், கேள்வியோடு தொடங்குங்கள். "இது ரிசர்ச்சா, ஆக்டிவிசமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார். கோபப்பட வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். எந்த ஆதாரம் கிடைத்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்கும் என்று சொல்லுங்கள். அந்தப் பதில் கேட்டவர் வாயை அடைத்துவிடும்.

பார்பரா ஹாரெல்-பாண்டின் கதையையும் தெரிந்து வைத்திருங்கள். 1982ல் ஆக்ஸ்ஃபோர்டில் அகதி ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியவர் அவர். தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளிடையே செய்த ஆய்வை 1986ல் 'இம்போசிங் எய்டு' என்ற நூலாக்கி, உதவி நிறுவனங்கள் அகதிகளை நடத்தும் விதத்தைக் கடுமையாக விமர்சித்தார். அனுமதியும் நிதியும் தரும் இடங்களை விமர்சிக்க நேரும்போது ஆதாரம் கையில் பலமாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர் முன்னுதாரணம். ஆதாரம் இருந்ததால் அவரை ஒதுக்க முடியவில்லை. ஒரு துறையே அவர் பின்னால் எழுந்தது.

11. பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் யோசியுங்கள்

2025ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதன் அதிர்ச்சி இந்தத் துறை முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு ஜூனில் யு.என்.எச்.சி.ஆர். மட்டும் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. 'பிஎச்.டி. சரிவராவிட்டால் என்.ஜி.ஓ.' என்ற பழைய பிளான் பி இப்போது நம்பகமில்லை. கற்பிக்கும் திறனை வளர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வு முறையியல், நகர்ப்புறச் சமூகவியல், அரசமைப்புச் சட்டம் ஆகியவற்றில் ஒன்றைப் பிரமாதமாக நடத்தத் தெரிந்தவருக்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்பு உண்டு. ஃபெலோஷிப் தவணை தள்ளிப்போகும் மாதங்களுக்காக ஆறு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். பேங்க் பேலன்ஸ் காலியான நிலையில் நல்ல சேப்டர் எழுத வராது.

உடம்பையும் மனதையும் கவனியுங்கள். நாள் முழுக்க இழப்புகளைக் கேட்பவருக்குத் தூக்கம் கெடும். கவுன்சிலரைப் பார்ப்பதை ஃபீல்டு பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

12. நீங்களே முகாமில் வளர்ந்தவர் என்றால்

இந்தத் துறைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் மிகவும் தேவை, உங்களுக்குத்தான் தடைகளும் அதிகம். பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டு அட்மிஷன் சிக்கலாகும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே பயண ஆவணம் பற்றி விசாரியுங்கள். 1992ல் தொடங்கிய டாஃபி உதவித்தொகை அகதி மாணவர்களின் உயர்கல்விக்காகவே இருக்கிறது. அதோடு 1984 முதல் இலங்கைத் தமிழ் அகதிகளிடையே வேலை செய்துவரும் ஆஃபர் அமைப்பிடமும் கேளுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் உங்களை வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். செய்யுங்கள், சம்பளம் பேசிச் செய்யுங்கள். ஆனால் இரண்டாவது புராஜெக்ட்டிலிருந்து இணை ஆசிரியராக உங்கள் பெயர் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். வெளியிலிருந்து போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்களோடு அலைந்து, உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட அந்த இளைஞரின் பெயரை நன்றியுரையில் மட்டும் போடாமல், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயரோடு சேர்த்துப் போடுங்கள்.